எல்லையின் இரு பக்கமும் குற்றவாளிகள்: புரியாத் மங்கோல்களின் இடப்பெயர்வு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1937 செப்டம்பரைத் தனியாக எடுத்துப் பார்க்காமல், பைக்கால் ஏரிப் பக்கத்து மங்கோலிய இனமான புரியாத் மக்களின் கதையைப் புரிந்துகொள்ள முடியாது. அந்த மாதம் 10-ஆம் தேதி, மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் உள்துறை அமைச்சர் சோய்பால்சானின் அமைச்சகம் பெரும் கைது வேட்டையைத் தொடங்கியது. பிடிபட்டவர்கள் மேல் வைக்கப்பட்ட குற்றம், ஜப்பானுக்கு உளவு பார்த்தார்கள் என்பது. 26-ஆம் தேதி, எல்லைக்கு வடக்கே, சோவியத் அரசு புரியாத்-மங்கோல் தன்னாட்சிக் குடியரசைத் துண்டாக்கியது. பைக்கால் ஏரிக்கு மேற்கே உள்ள பகுதிகள் இர்குத்ஸ்க் மாகாணத்துக்கும், கிழக்கே அகா புல்வெளி சீத்தா மாகாணத்துக்கும் போயின. அங்கே புரியாத் தலைவர்கள் மேல் வைக்கப்பட்ட குற்றம், எல்லா மங்கோல்களையும் ஒரே நாடாக்கச் சதி செய்தார்கள் என்பது.

ஒரே மக்கள், ஒரே மாதம். வடக்கே அவர்கள் அளவுக்கு மீறி மங்கோல்களாக இருந்தார்கள் என்று தண்டனை. தெற்கே, முழு மங்கோல்கள் அல்ல, வெளியிலிருந்து வந்தவர்கள் என்ற சந்தேகம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் புரியாத் அடையாளத்தைப் பற்றிப் பேசுவது வீண் என்பது என் கருத்து. மொழி, உடை, உணவு, சடங்கு என்று பட்டியல் போட்டு அடையாளத்தை விளக்குகிறவர்கள் உண்டு. அவை எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த மக்களை 'புரியாத்' என்று தனித்து நிறுத்தியதில் அவர்கள் கடந்த எல்லைக்கு இருக்கும் பங்கு அதைவிடப் பெரியது.

எல்லை வருவதற்கு முன்

17-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ரஷ்யக் கொசாக் படைவீரர்கள் மென்மயிர்த் தோல் வரி கேட்டு பைக்கால் பக்கம் வந்தபோது, அங்கே எகிரித், புலகத், ஹோங்கோதோர், ஹோரி எனப் பல குலங்கள் இருந்தன. எல்லோரும் மங்கோலியக் கிளைமொழிகளைப் பேசினார்கள். ஆனால் தங்களை ஒரே இனமாக அவர்கள் எண்ணியிருந்தார்கள் என்று சொல்வது கடினம். குலமும் மேய்ச்சல் நிலமும்தான் அவர்களுக்கு முதல் அடையாளம்.

அப்போது மக்கள் இரு திசையிலும் போய் வந்தார்கள். 1658-ல் பலகான்ஸ்க் கோட்டையின் ரஷ்ய அதிகாரி பொகாபோவின் கொடுமை தாங்காமல் அந்தப் பகுதி மக்கள் திரளாக மங்கோலியப் பக்கம் ஓடினார்கள். 1680-களின் இறுதியில் சுங்கார் மன்னன் கல்தானின் படையெடுப்பால் மங்கோலியா சிதறியபோது, சொங்கோல், சார்த்தூல் முதலிய குழுக்கள் வடக்கே வந்து செலெங்கா ஆற்றங்கரையில் தங்கினார்கள். தெற்கிலிருந்து வந்த இந்த மங்கோல்களின் வாரிசுகள் இன்று புரியாத்துகளாகவே எண்ணப்படுகிறார்கள். யார் புரியாத் என்பதை ரத்தத்தைவிட, கோடு விழுந்தபோது எந்தப் பக்கம் இருந்தோம் என்பதே முடிவு செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அந்தக் கோடு 1689-ன் நெர்ச்சின்ஸ்க் உடன்படிக்கையில் கிழக்கே தொடங்கி, 1727-ன் கியாக்தா உடன்படிக்கையில் முழுமையானது. ரஷ்யப் பேரரசும் சீனத்தின் சிங் பேரரசும் புல்வெளியைப் பங்கிட்டுக்கொண்டன. ஹோரி புரியாத்துகளின் தூதுக்குழு அதற்கு முன்பே மாஸ்கோ வரை போய், 1703-ல் பீட்டர் மன்னரிடம் தங்கள் நிலத்துக்கு உரிமை ஆணை வாங்கி வந்திருந்தது. அந்தப் பயணத்தின் நினைவு இன்றும் ஹோரி மக்களிடம் பெருமையோடு இருக்கிறது.

பிறகு இரண்டு நூற்றாண்டுகள் ரஷ்ய ஆட்சி அவர்களுக்குத் தனி நிறுவனங்களைக் கொடுத்தது. 1741-ல் எலிசபெத் அரசி 11 மடாலயங்களையும் 150 லாமாக்களையும் அங்கீகரித்தார். 1764 முதல் பண்டித கம்போ லாமா என்ற தனித் தலைமைப் பதவி வந்தது. மங்கோலியாவின் உர்காவையோ (இன்றைய உலான்பாதர்) திபெத்தின் லாசாவையோ சாராமல் பௌத்தம் நடக்க வேண்டும் என்பது பேரரசின் கணக்கு. 1822-ன் ஸ்பெரான்ஸ்கி சட்டம் புல்வெளி டுமா என்ற உள்ளாட்சி மன்றங்களை ஏற்படுத்தியது. குலங்களாக இருந்தவர்கள் ஒரே நிர்வாகம், ஒரே மதத் தலைமை என்று ஒரு மக்களாகத் திரண்டது இந்தக் காலத்தில்தான்.

ஏன் கிளம்பினார்கள்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஏற்பாடு உடைந்தது. சைபீரிய ரயில் பாதை வந்தது. அதோடு ஐரோப்பிய ரஷ்யாவிலிருந்து நிலம் தேடிக் குடியானவர்கள் வந்தார்கள். 1897-ல் ரஷ்ய அரசின் குலோம்சின் குழு பைக்காலுக்குக் கிழக்கே உள்ள நிலங்களை அளந்து பார்த்தது. அடுத்து வந்த சீர்திருத்தத்தில் ஓர் ஆணுக்கு 15 தெசியாத்தினா, அதாவது ஏறக்குறைய 16 ஹெக்டேர், என்று வரம்பு வைத்தார்கள். உழவனுக்கு அது தாராளமான நிலம். மந்தையோடு பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிறவனுக்கு அது வாழ்க்கையை முடித்துவிடும் அளவு. புல்வெளி டுமாக்களும் கலைக்கப்பட்டன. அப்போதே ஓனோன், உல்ஸ் ஆறுகளின் கரையோடு தெற்கே மேய்ச்சலுக்குப் போய், திரும்பி வராமல் அங்கேயே தங்கியவர்கள் உண்டு.

அப்புறம் முதல் உலகப் போர். 1916 ஜூனில், அதுவரை படைச் சேவையிலிருந்து விலக்கு பெற்றிருந்த ரஷ்யரல்லாத குடிகளைப் போர்முனைக்குப் பின்னே கட்டாய வேலைக்கு அழைக்கும் பேரரசின் ஆணை வந்தது. மத்திய ஆசியாவில் அது கிளர்ச்சியாக வெடித்தது. புரியாத் ஊர்களில் இளைஞர்கள் திரட்டப்பட்டு, முன்பின் பார்த்திராத தூரங்களுக்கு அகழி வெட்ட அனுப்பப்பட்டார்கள்.

1918-ல் உள்நாட்டுப் போர். சீத்தாவில் அதாமான் (கொசாக் படைத் தலைவர்) செமியோனோவ் ஆட்சி நடத்தினார். புரியாத் ரத்தமும் கலந்த கொசாக் அவர். மங்கோல் மொழி தெரிந்தவர். 1919-ல் சீத்தாவில் அவர் ஆதரவோடு ஒரு பேரவை கூடி, எல்லா மங்கோல்களுக்கும் ஒரே அகண்ட மங்கோலிய அரசு என்று அறிவித்தது. உர்காவில் இருந்த மங்கோலிய மன்னர் போக்த் கானின் அரசு அதில் சேரவே இல்லை. மங்கோலியர்களுக்கு வேண்டாத அந்தத் திட்டத்தின் பழி மட்டும் பிற்பாடு இருபது ஆண்டு புரியாத்துகளைத் துரத்தியது. செமியோனோவுக்கும் ஆள் வேண்டும், குதிரை வேண்டும். அவரை எதிர்த்தவர்களுக்கும் ஆள் வேண்டும், குதிரை வேண்டும். இரு தரப்பும் எடுத்தது ஒரே மந்தையிலிருந்து. ஓனோன் கரையின் அகா புரியாத்துகள் கூடாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிக் கிளம்பியதற்கு எந்தக் கொள்கையையும் காரணமாகத் தேட வேண்டியதில்லை.

ஒரு பகுதியினர் மங்கோலியாவின் கென்தீ, தோர்நோத், செலெங்கே பகுதிகளுக்குப் போனார்கள். தாதல், பிந்தெர், பத்ஷிரீத், தஷ்பல்பார், பயான்-ஊல் என்று இன்றும் புரியாத் ஊர்களாக அறியப்படுபவை அவை. செங்கிஸ்கான் பிறந்த இடம் என்று மங்கோலியர்கள் போற்றும் தாதலில் பெரும்பாலும் வசிப்பவர்கள் புரியாத்துகள். இன்னொரு பகுதியினர் கிழக்கே ஹுலுன்புயிர் போய், ஷெனெஹென் ஆற்றங்கரையில் தங்க 1922-ல் அனுமதி பெற்றார்கள். சில நூறு பேரோடு தொடங்கிய அந்தக் குடியிருப்பு இன்று சீனாவின் உள் மங்கோலியாவில் இருக்கிறது. 1929-க்குப் பிறகு, கூட்டுப்பண்ணைக்குக் கால்நடைகளைப் பறித்தபோது, இரண்டாவது அலை கிளம்பியது. அதற்குள் எல்லைக் காவல் இறுகிவிட்டது. போனவர்கள் இரவில் போனார்கள், எல்லோரும் போய்ச் சேரவில்லை.

வந்த இடத்தில் அவர்கள் வெறும் அகதிகளாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவது, குளிர்காலத்துக்குப் புல் அறுத்து உலர்த்திச் சேர்ப்பது, உருளைக்கிழங்கு பயிரிடுவது, அடுப்பில் ரொட்டி சுடுவது எல்லாம் அவர்களோடு வந்தன. கூடாரத்தில் வாழ்ந்து புல் தேடி நகரும், நாட்டின் பெரும்பான்மையினரான ஹால்ஹா மங்கோலியர் கண்ணுக்கு இவர்கள் பாதி ரஷ்யர்களாகத் தெரிந்தார்கள். பேச்சிலும் வேறுபாடு உடனே தெரியும். ஹால்ஹா 'ஸ' என்று சொல்லும் பல இடங்களில் புரியாத் 'ஹ' என்பார். வாயைத் திறந்தாலே யார் என்று தெரிந்துவிடும். 1930-களில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமானது.

படித்தவர்களின் வழி

மந்தையோடு போனவர்கள் ஒரு பக்கம் இருக்க, புத்தகத்தோடு போனவர்களும் இருந்தார்கள். 1921 புரட்சிக்குப் பின் மங்கோலியாவுக்குப் படித்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் படித்த, மங்கோல் மொழி தெரிந்த, சோவியத் அரசோடு பேசத் தெரிந்த ஆட்கள் என்றால் அது புரியாத்துகள்தான். எல்பெக்தோர்ஜ் ரிஞ்சினோ 1920-களின் முதல் பாதியில் உலான்பாதரின் மிகச் செல்வாக்கான அரசியல்வாதிகளில் ஒருவர். எர்தேனே பத்துகான் கல்வி அமைச்சரானார். 1926-ல் மங்கோலியப் பிள்ளைகள் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் படிக்கப் போனது அவர் காலத்தில்.

இவர்களில் நான் அதிகம் பேச விரும்புவது த்சிபேன் ஜம்சரானோவைப் பற்றி. மங்கோலியாவில் அவரை ஜம்ஸ்ரங்கின் செவேன் என்று சொல்வார்கள். அகா பகுதியில் பிறந்தவர். இளம் வயதில் ஊர் ஊராக நடந்து புரியாத் வீரகாவியங்களைப் பாடகர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதிச் சேர்த்தவர். 1921 நவம்பரில் உலான்பாதரில் (அப்போது உர்கா) ஏட்டுச் சுவடிகளுக்கான ஒரு நிறுவனம் தொடங்கியபோது அதன் உயிராக இருந்தவர் அவர். சிதறிக் கிடந்த கையெழுத்துப் பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். இன்றைய மங்கோலிய அறிவியல் அகாதமி தன் பிறப்பை அந்த நிறுவனத்திலிருந்துதான் கணக்கிடுகிறது.

1928-ல் மங்கோலியாவை ஆண்ட கட்சிக்குள் இடதுசாரித் திருப்பம் வந்தது. ஜம்சரானோ வலதுசாரி என்று ஒதுக்கப்பட்டார். 1932-ல் அவரை லெனின்கிராடுக்கு அனுப்பினார்கள். பெயருக்கு ஆய்வுப் பணி, உண்மையில் நாடு கடத்தல். 1937-ல் சோவியத் காவல் துறை அவரைக் கைது செய்தது. 1942-ல் சோல்-இலெத்ஸ்க் சிறையில் இறந்தார். மங்கோலியாவின் ஏடுகளைக் காத்தவரை மங்கோலியா வைத்துக்கொள்ளவில்லை. அவர் பிறந்த நாடோ, மங்கோலியாவுக்காக உழைத்ததையே குற்றமாக்கியது. ரிஞ்சினோ 1938-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 13-ஆம் தலாய் லாமாவின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்து, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பௌத்தக் கோயில் எழுப்பிய அக்வான் தோர்ஜியேவ் அதே ஆண்டு ஜனவரியில் புரியாத் தலைநகர் உலான்-உதேவின் சிறையில் இறந்தார். அப்போது அவர் வயது எண்பதைத் தாண்டியிருந்தது. புரியாத்-மங்கோல் குடியரசின் கட்சித் தலைவர் மிஹேய் எர்பானோவும் 1938-ல் கொல்லப்பட்டார்.

லும்பே வழக்கு

சரி, மேய்ப்பர்கள் என்ன ஆனார்கள்? 1931 செப்டம்பரில் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தது. 1932 மார்ச்சில் மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசு வந்தது. ஷெனெஹென் புரியாத்துகள் ஜப்பானியக் கட்டுப்பாட்டுக்குள் போனார்கள். அவர்களின் அண்ணன் தம்பிகளும் மாமன் மச்சான்களும் எல்லைக்கு இப்பால், தோர்நோத்திலும் கென்தீயிலும் இருந்தார்கள். ஜப்பானியரை அண்டிப் பிழைத்த செமியோனோவ் மஞ்சூரியாவிலேயே உட்கார்ந்திருந்தார். மாஸ்கோவுக்குக் கோடு போட இது போதும்: ஜப்பான், செமியோனோவ், ஷெனெஹென், தோர்நோத்.

1933-ல் மங்கோலியக் கட்சியின் செயலாளர்களில் ஒருவரான ஜம்பீன் லும்பே கைது செய்யப்பட்டார். ஜப்பானிய உளவு வலையின் தலைவர் என்று குற்றச்சாட்டு. விசாரணையில் சோவியத் ஆலோசகர்களின் கை இருந்தது. வாக்குமூலங்கள் அடித்து வாங்கப்பட்டவை. வழக்கு கென்தீ, தோர்நோத் ஊர்களுக்குள் பரவியது. நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் புரியாத்துகள். 1934 ஜூனில் லும்பேயும் பலரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்னும் பலர் சிறைக்குப் போனார்கள், சிலர் சோவியத் நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வழக்கு முழுக்கப் புனைவு என்பது பின்னால் அதிகாரபூர்வமாகவே ஏற்கப்பட்டது.

லும்பே வழக்கைத் தலைவர்களின் அதிகாரப் போட்டியாக மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எல்லைக்கு அப்பால் உறவினர் இருப்பதே ஆதாரம் என்று அதிகாரிகள் முதன்முதலாகப் பழகிக்கொண்டது இந்த வழக்கில்தான். 1937-ல் அதையே பெரிய அளவில் செய்தார்கள்.

1937 ஆகஸ்டில் சோவியத் உள்துறைத் துணைத் தலைவர் பிரினோவ்ஸ்கி 115 பெயர்கள் கொண்ட பட்டியலோடு உலான்பாதர் வந்தார். சோவியத் படையும் நாட்டுக்குள் வந்தது. அக்டோபரில் சோய்பால்சான் தலைமையில் சிறப்பு ஆணையம் ஒன்று அமைந்து, 1939 வசந்தம் வரை நடந்தது. அந்த ஆணையத்தால் மட்டும் 20,000-க்கும் மேற்பட்டோர் மரண தண்டனை பெற்றார்கள். மிகப் பெரிய பலி லாமாக்கள். அடுத்து, மக்கள்தொகை விகிதத்தோடு ஒப்பிட்டால், புரியாத்துகள். கிழக்கு மங்கோலியாவின் பல புரியாத் ஊர்களில் வயது வந்த ஆண்களே அரிதாகிப் போனார்கள். பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும் மந்தையைப் பார்த்தார்கள். கொண்டுபோனவர்களைப் பற்றி அந்த வீடுகளுக்குப் பல பத்தாண்டுகள் ஒரு தகவலும் வரவில்லை.

1939-ல் ஹால்கின் கோல் ஆற்றங்கரையில் ஜப்பானோடு உண்மையிலேயே போர் வந்தது. அதைக் காட்டி, முன்பே சந்தேகப்பட்டது நியாயம்தானே என்று வாதிட்டவர்கள் உண்டு. போர் வந்தது நிஜம். ஆனால் தஷ்பல்பாரில் புல் அறுத்துக்கொண்டிருந்தவன் உளவாளி என்பதற்கு அது சான்றாகாது.

மௌனமும் அதற்குப் பிறகும்

வடக்கே அடையாளத்தை எழுத்து வழியாகவும் திருத்தினார்கள். புரியாத்துகள் எழுதி வந்த பழைய மங்கோல் செங்குத்து எழுத்தை 1930-களின் தொடக்கத்தில் லத்தீன் எழுத்தாக மாற்றினார்கள். 1939-ல் அதுவும் போய் சிரில்லிக் வந்தது. இலக்கிய மொழிக்கு அடிப்படையாக, ஹால்ஹாவுக்கு நெருக்கமான செலெங்கா வழக்கை விட்டு ஹோரி வழக்கை எடுத்தார்கள். 1958-ல் குடியரசின் பெயரிலிருந்து 'மங்கோல்' என்பதையே நீக்கினார்கள். ஷெனெஹென்காரர்கள் மட்டும் இன்றும் அந்தப் பழைய எழுத்தைப் படிக்கிறார்கள். ஓடிப்போனவர்களிடம் பழையது தங்கியது.

மங்கோலியாவில் நடந்தது வேறு மாதிரி. பெற்றோர் பிள்ளைகளிடம் எதுவும் சொல்லவில்லை. எந்த ஊரிலிருந்து வந்தோம், தாத்தா எப்படிப் போனார் என்பதெல்லாம் பேசாப் பொருள். மங்கோலியத் தேசம் என்றாலே ஹால்ஹா என்ற எண்ணம் பள்ளியிலும் அலுவலகத்திலும் வேரூன்றியது. புரியாத், ஓய்ரத் போன்றவர்கள் அதன் ஓரக் கிளைகள்.

1990-ல் ஒரு கட்சி ஆட்சி முடிந்தபோது மௌனம் உடைந்தது. கோப்புகள் திறந்தன, தண்டிக்கப்பட்டோர் குற்றமற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள், 1998-ல் இழப்பீட்டுக்குச் சட்டம் வந்தது. செப்டம்பர் 10 நினைவு நாளானது. ஆனால் தோர்நோத் ஊர்களில் மக்கள் முதலில் போனது ஆவணக் காப்பகத்துக்கு அல்ல, முன்னோர் ஆவிகளோடு பேசும் ஷாமன்களிடம். அரசுப் பண்ணைகள் கலைந்து, வேலை போய், மந்தை அழிந்து நின்றவர்களிடம் ஷாமன்கள் சொன்னது: உங்கள் முன்னோர் மறக்கப்பட்டுக் கிடக்கிறார்கள், அவர்களைத் தேடுங்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. புதைத்த இடம் தெரியாது, இறந்த நாள் தெரியாது, பேசவும் அனுமதி இல்லை என்று அறுபது ஆண்டு வாழ்ந்தவர்களுக்குக் குடும்ப வரலாற்றைத் திரும்பக் கேட்க வேறு எந்த இடமும் இருக்கவில்லை. போலி ஷாமன்களும் பணம் பிடுங்கியவர்களும் இருந்தார்கள்தான். ஆனாலும் அந்தச் சடங்குகளில்தான் பலர் முதன்முதலாக ஓனோன் கரையின் பழைய இடங்களின் பெயரைக் கேட்டார்கள்.

குலப் பெயர் விஷயமும் இதோடு சேர்ந்தது. 1925-ல் மங்கோலிய அரசு குலப் பெயர்களைத் தடை செய்திருந்தது. 1990-களில் மீண்டும் எல்லோரும் குலப் பெயர் வைக்க வேண்டும் என்று வந்தபோது, ஹால்ஹா மக்கள் பலருக்குத் தங்கள் குலம் நினைவில் இல்லை. ஏராளமானோர் செங்கிஸ்கானின் போர்ஜிகின் குலத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஹோரி புரியாத்துகளுக்கு அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. கல்சூத், ஹர்கானா, ஷரைத், போதொங்கூத் என்று பதினொரு குலங்களும் நினைவில் இருந்தன. அன்னப் பறவையாக வந்த பெண்ணை மணந்த ஹோரிதோயின் பதினொரு மகன்கள் என்று தொடங்கும் கதையை எல்லையின் மூன்று பக்கமும் சொல்கிறார்கள். 'முழு மங்கோல் அல்ல' என்று ஒதுக்கப்பட்டவர்களிடம்தான் பழைய மங்கோலிய முறை நன்றாக மிஞ்சியிருந்தது.

1994-ல் மங்கோலியாவில் தொடங்கிய அல்தர்கானா விழா, மூன்று நாட்டுப் புரியாத்துகளையும் ஒன்றுகூட்டுகிறது. மங்கோலியாவில் இன்று ஏறத்தாழ 45,000 புரியாத்துகள், ரஷ்யாவில் 4,60,000, சீனாவில் சில ஆயிரம், அங்கே அவர்கள் கணக்கில் வெறும் 'மங்கோல்' மட்டும். 1990-களுக்குப் பிறகு ஷெனெஹென் குடும்பங்கள் சில அகாவுக்கும் உலான்-உதேவுக்கும் திரும்பின. தாத்தா விட்டுப்போன ஊரில் அவர்களைச் சீனாக்காரர்கள் என்று பார்த்தவர்களும் உண்டு.

2022 செப்டம்பர் 21-ஆம் தேதி ரஷ்ய அரசு உக்ரைன் போருக்கு ஆள் திரட்டும் ஆணையை வெளியிட்டது. ரஷ்யாவின் புரியாத் குடியரசான புரியாத்தியாவில் அழைப்பாணை கடுமையாக வந்தது. நள்ளிரவில் வீடு வீடாகக் கொடுத்தார்கள். அடுத்த நாட்களில் கியாக்தாவிலிருந்து அல்தான்புலாக் கடக்கும் எல்லைச் சாவடியில் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. மங்கோலியாவின் முன்னாள் அதிபர் எல்பெக்தோர்ஜ், ரஷ்யாவின் புரியாத், துவா, கல்மிக் மக்களை வரவேற்பதாக வெளிப்படையாகவே சொன்னார். பொறுப்பில் இருந்த அரசு அவ்வளவு தூரம் போகவில்லை. எரிபொருளுக்கு ரஷ்யாவை நம்பியிருக்கும் நாடு அது.

வந்தவர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் தங்கலாம். அதற்கு மேல் இருக்க வேலையோ படிப்போ முதலீடோ காட்டி அனுமதி வாங்க வேண்டும். இரட்டைக் குடியுரிமையை மங்கோலியச் சட்டம் ஏற்பதில்லை. பூர்வீகம் மங்கோல் என்பதால் மட்டும் புரியாத் ஒருவருக்குக் குடியுரிமை கிடைத்துவிடாது. 1920-களில் ஓடி வந்தவர்களை அன்றைய ஏழை மங்கோலியா குடிமக்களாக ஏற்று மேய்ச்சல் நிலமும் கொடுத்தது. இன்றைய மங்கோலியா அதைவிட வசதியானது. எல்லை தாண்டி வரும் புரியாத்துகளுக்கென்று ஒரு குடியிருப்புச் சட்டம் வர வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அதை உலான்பாதர் நாடாளுமன்றத்தில் கேட்கும் உரிமை யாரையும்விட, 1937-ல் ஆண்களை இழந்த கிழக்கு மாகாணக் குடும்பங்களுக்கு உண்டு.